‘போனேன்’, ‘போயிருக்கேன்’: சென்ஸ்கேம் ஆய்வைத் திரும்பப் படித்தபோது

ஞாபக மறதியையும் கேமராவையும் சேர்த்துப் பேசும் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரு எண் வந்துவிடும்: 80 சதவீதம். கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்ட மறதி நோயாளி ஒருவர், தன் அண்மை நிகழ்வுகளில் 80 சதவீதத்தைத் திரும்பச் சொன்னார் என்பது செய்தி. ஸ்மார்ட் கண்ணாடி விற்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள், முதியோர் நலம் பற்றிப் பேசுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். அந்த எண் வந்த இடத்தை இந்த மாதம் திரும்ப உட்கார்ந்து படித்தேன். நல்ல ஆய்வுதான். ஆனால் அது எதை அளந்தது என்பதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அந்த வழக்கைத் தமிழில்தான் சரியாக வைக்க முடியும் என்றும் நினைக்கிறேன்.

முதலில் கருவி. லிண்ட்சே வில்லியம்ஸ் என்ற பொறியாளர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்தபோது 1999இல் யோசித்தது. பெயர் சென்ஸ்கேம். ஐடி கார்டு மாதிரி கழுத்தில் தொங்கும் சின்னப் பெட்டி. படம் எடுப்பவர் குறிபார்க்க ஒன்றும் கிடையாது. முன்னால் மீன்கண் லென்ஸ் மட்டும். வெளிச்சம் மாறினால், எதிரில் ஒரு ஆளின் உடம்புச் சூடு தென்பட்டால், போட்டிருப்பவர் அசைந்தால் அதுவே படம் எடுத்துக்கொள்ளும். ஒன்றுமே நடக்காவிட்டாலும் சுமார் 30 வினாடிக்கு ஒருமுறை எடுக்கும். ஒலி பதிவாகாது. ஒரு நாளைக்குச் சில நூறு படங்கள். மாலையில் கணினியில் செருகி, ஃபிளிப் புத்தகம் மாதிரி கடகடவென்று ஓட்டிப் பார்க்கலாம். படங்கள் அழகாக இருக்காது. அது ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் நினைவுக் கோளாறு உள்ளவர்களைப் பார்த்துவந்த நரீந்தர் கபூரும் எம்மா பெர்ரியும் இந்தப் பெட்டியை ஒரு நோயாளியிடம் கொடுத்தார்கள். ஆய்வில் அவர் பெயர் ‘மிஸஸ் பி’. வயது 63. லிம்பிக் என்செபலைட்டிஸ் என்ற மூளை அழற்சிக்குப் பிறகு, நடந்தது எதுவும் மனதில் தங்காத நிலை. வெளியே போய்வந்த நாட்களில் கேமராவைப் போட்டுக்கொள்வார். அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை, அவர் கணவர் முதலில் “அன்றைக்கு என்ன நடந்தது, சொல்” என்று கேட்பார். சொன்னதைக் குறித்துக்கொண்டு, பிறகு இருவரும் உட்கார்ந்து படங்களை ஓட்டிப் பார்ப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வேறு சில நிகழ்வுகளுக்குக் கேமரா இல்லாமல் எழுதிய நாட்குறிப்பு.

முடிவு 2007இல் ‘நியூரோசைக்கலாஜிகல் ரீஹேபிலிடேஷன்’ இதழில் வந்தது. படங்களைப் பார்த்துவந்த நிகழ்வுகளில் சுமார் 80 சதவீதம் நினைவில் இருந்தது. நாட்குறிப்பு படித்துவந்தவற்றில் சுமார் 49 சதவீதம். நாட்குறிப்பைப் படிப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆனதும் அதுவும் பூஜ்யம். படங்களோடு பழகிய நிகழ்வுகளோ, மூன்று மாதம் படங்களைப் பார்க்காமல் இருந்த பிறகும், பதினோரு மாதம் கழித்தும் தங்கியிருந்தன. இது சின்ன விஷயம் இல்லை. நேற்று நடந்ததை நாளை மறுநாள் மறந்துவிடும் ஒருவருக்குப் பதினோரு மாதம் என்பது ஒரு யுகம்.

வழக்கமான ஆட்சேபங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஆள். கட்டுரையாசிரியர்களில் கருவியைக் கண்டுபிடித்தவரும் அதை உருவாக்கிய ஆய்வகத்தின் பொறியாளர்களும் இருக்கிறார்கள். மூளை அழற்சி வேறு, அல்சைமர் வேறு. முதலாவது வந்து அடித்துவிட்டு, பெரும்பாலும் ஓரிடத்தில் நின்றுவிடும். அல்சைமர் நிற்காமல் அரித்துக்கொண்டே போகும். ஒன்றில் வேலை செய்தது இன்னொன்றிலும் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதையெல்லாம் ஆசிரியர்களே மறைக்கவில்லை. தலைப்பிலேயே ‘முதற்கட்ட அறிக்கை’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அந்த இரண்டு வார்த்தையை வழியில் விட்டுவிட்டார்கள்.

என் வழக்கு வேறு. ‘நினைவில் இருந்தது’ என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்?

அதே 2007இல், அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் அபிகெயில் செலன் குழு, ஆரோக்கியமான கல்லூரி மாணவர்களிடம் சென்ஸ்கேமைக் கொடுத்து ஒரு சோதனை செய்தது. அவர்கள் ஒரு பிரிவினையை உள்ளே கொண்டுவந்தார்கள்: ஒன்றை நினைவுகூர்வது வேறு, அது நடந்தது என்று அறிந்திருப்பது வேறு. எண்டெல் டல்விங் 1985இல் முன்வைத்த பிரிவினை இது. காலையில் குடித்த காபியின் சூடு, எதிரில் யார் உட்கார்ந்திருந்தார், அவர் சொன்ன ஏதோ ஒரு வாக்கியம் — இவையெல்லாம் உள்ளிருந்து எழுந்து வந்தால் நினைவுகூர்தல். டம்ளர் காலியாகக் கிடக்கிறது, எனவே நான் குடித்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் அறிதல். படங்கள் இரண்டுக்குமே உதவுகின்றன, ஆனால் நாளாக ஆக இரண்டும் வேறு வேறு மாதிரி போகின்றன என்பது அவர்கள் கண்டது. இன்னொன்றும் கண்டார்கள்: நாமே பார்த்து க்ளிக் செய்த படத்தைவிட, தானாக எடுபட்ட கோணல்மாணல் படங்கள் நினைவைத் தூண்டுவதில் சோடை போகவில்லை. அழகாக இல்லாதது குறையில்லை என்று மேலே சொன்னது இதனால்தான். நாம் தேர்ந்து எடுத்த படத்தில் நம் தேர்வு மட்டும்தான் இருக்கும். தேராமல் எடுத்ததில், மேஜை ஓரத்தில் வைத்த குடை மாதிரி ஏதாவது ஒன்று மாட்டியிருக்கும்.

ஆங்கிலத்தில் இந்தப் பிரிவினையைச் சோதனைக்கு வருபவர்களிடம் விளக்குவதற்கே பத்து நிமிஷம் ஆகும். பலர் குழம்புவார்கள். தமிழில் அது வினைமுற்றிலேயே இருக்கிறது.

காலையில் எழுந்து கதவைத் திறக்கிறீர்கள். தெரு நனைந்திருக்கிறது. என்ன சொல்வீர்கள்? “ராத்திரி மழை பெஞ்சிருக்கு.” விழித்திருந்து மழையைக் கேட்டவர் என்ன சொல்வார்? “ராத்திரி மழை பெஞ்சுது.” எந்த இலக்கண வகுப்பும் இல்லாமல் நாலு வயதுக் குழந்தைகூடக் கலக்காமல் பேசும். ‘இருக்கு’ சேர்ந்தால், நான் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று பொருள் ஏறிவிடுகிறது. எல்லா இடத்திலும் இல்லை. “நான் மதுரைக்குப் போயிருக்கேன்” என்றால் அது வெறும் அனுபவம். ஆனால் அதில் ‘நேத்து’ என்று ஒரு நாளைப் போட்டுப் பாருங்கள். “நேத்து நான் கோயிலுக்குப் போயிருக்கேன்.” காதில் இடிக்கிறதா? தன் சொந்த நேற்றைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னால், ஏதோ ரசீதைப் பார்த்துச் சொல்கிறார் என்றுதான் தோன்றும்.

எங்கள் பெரியப்பா அப்படித்தான் பேசுகிறார். பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் லேத் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இரண்டு வருஷமாக மறதி. 1980களில் எந்த ஷிஃப்டில் யார் சூப்பர்வைசர் என்று கேட்டால் தடங்கல் இல்லாமல் வரும். இன்று காலை வராது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போனேன்.

“காலைல எங்கயாவது போனீங்களா பெரியப்பா?”

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் விபூதி. மேஜை மேல் ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் பூ.

“கோயிலுக்குப் போயிருக்கேன்.”

“வலிதாயமா?”

“வியாழக்கிழமை இல்ல? குருவுக்குத்தான் போயிருப்பேன்.”

எல்லாமே சரி. திருவலிதாயம் கோயிலுக்குத்தான் போனார், குரு சந்நிதியில்தான் வரிசையில் நின்றார், பெரியம்மா கூடவே போயிருந்தார். கேள்வித்தாளில் மதிப்பெண் போட்டால் மூன்றுக்கு மூன்று. ஆனால் அவருக்கு அந்தக் காலை ஞாபகம் இல்லை. தன் வாழ்க்கையையே துப்பறிந்து கண்டுபிடித்துச் சொன்னார், அதையும் நேர்மையாக, விகுதியிலேயே ஒப்புக்கொண்டு சொன்னார்.

இப்போது அந்த 80 சதவீதத்துக்குத் திரும்ப வாருங்கள். ஒரு நிகழ்வின் படங்களை இரண்டு வாரம் திரும்பத் திரும்பப் பார்த்த ஒருவர், பிறகு அந்த நிகழ்வைச் சரியாகச் சொல்கிறார். அவர் நினைவுகூர்ந்தது நிகழ்வையா, படங்களையா? நம் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. முதல் பிறந்தநாள் ‘ஞாபகம் இருக்கு’ என்போம். இருப்பது ஆல்பத்தில் உள்ள ஃபோட்டோ. மிஸஸ் பி விஷயத்தில் அதற்கும் மேலே ஏதோ நடந்திருக்கிறது என்று நம்பக் காரணங்கள் உண்டு. மூன்று மாத இடைவெளி ஒரு காரணம். 2009இல் அதே குழு எடுத்த மூளை ஸ்கேனில் கேமரா வழி வந்த நிகழ்வுகளுக்கும் நாட்குறிப்பு வழி வந்தவற்றுக்கும் வேறுபாடு தெரிந்தது இன்னொன்று. 2011இல் கேத்தரின் லவ்டேயும் மார்ட்டின் கான்வேயும் வேறொரு நோயாளியிடம் பார்த்தது மூன்றாவது: ஏதோ ஒரு படத்தில், படத்தில் இல்லாத விஷயங்கள் திடீரென்று உணர்வோடு கொட்டின. அந்தக் கட்டுரைதான் எனக்கு இவற்றில் ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் அதில் எண்ணைவிட, நோயாளி என்ன சொன்னார் என்பதற்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஊரெல்லாம் சுற்றுவது எண்தான்.

“சரி, பெரியப்பா சரியாத்தானே சொன்னாரு, எப்படி வந்தா என்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து சாப்பிட்டாச்சா என்பதற்கு அறிதல் போதும். அதற்குக் கேமராகூட வேண்டாம், ஏழு குழி மாத்திரை டப்பா போதும். ஆனால் ஒரு நாளை வாழ்ந்தோம் என்ற திருப்திக்கு அறிதல் போதாது. பெரியப்பா ‘குருவுக்குத்தான் போயிருப்பேன்’ என்று சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை. தப்பில்லாமல் விடை சொன்ன நிம்மதி இருந்தது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கும் சோதனை, நோயாளிக்கு எது முக்கியமோ அதைத் தவறவிடுகிறது.

‘எல்லாவற்றையும் பதிவு செய்’ என்ற கனவைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வானிவர் புஷ் 1945லேயே நெற்றியில் வாதுமைக்கொட்டை அளவு கேமராவைக் கற்பனை செய்தார். மைக்ரோசாஃப்டின் கார்டன் பெல் தன் வாழ்க்கை முழுவதையும் கணினிக்குள் போட்டு, 2009இல் ஜிம் கெம்மலோடு சேர்ந்து ‘டோட்டல் ரீகால்’ என்று புத்தகம் எழுதினார். உற்சாகமான புத்தகம், ஆனால் சேமிப்பதையும் நினைவுகூர்வதையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்ட புத்தகம். அடுத்த வருஷமே செலனும் ஸ்டீவ் விட்டேக்கரும் அதற்கு ஒரு கறாரான மறுப்பு எழுதினார்கள். கடைக்கு வந்த ஆட்டோகிராஃபர், ஸ்வீடனின் நரேடிவ் கிளிப் இரண்டும் 2016இல் மூச்சு விட்டன. வாங்கியவர்கள் படங்களைக் குவித்தார்கள், பார்க்கவில்லை. பார்க்க யாருக்கு நேரம்? மிஸஸ் பி வீட்டில் பார்த்தார்கள். காரணம், கணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. புதுச்சேரியில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யாருக்கு யார் மேல் கோபம், காற்றுவாக்கில் வந்த செய்தி என்ன — எல்லாம் அதில் உண்டு. அவர் கழுத்தில் சென்ஸ்கேமைக் கட்டியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது கவர்னர் மாளிகைத் தூண்களும் எதிரில் நின்றவர்களின் இடுப்புச் சால்வையும்தான். ஒரு நாளில் முக்கியமானது பெரும்பாலும் காதில் விழுந்தது. சென்ஸ்கேமுக்குக் காது கிடையாது. காது வைத்தாலோ, தனியுரிமைப் பிரச்சினை பத்து மடங்காகும்.

இந்தியாவுக்கு இந்தக் கேமரா வந்த வழி வேறு. 2021இல் ஃபேஸ்புக்கின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவும் பல பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அறிவித்த ‘ஈகோ4டி’ திட்டத்தில், ஒன்பது நாடுகளில் 931 பேர் தலையில் கேமரா மாட்டி 3,670 மணி நேரக் காணொலி சேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து ஹைதராபாத் ஐஐஐடி அதில் பங்காளி. அந்தத் தொகுப்பை வைத்துக் கணினிக்கு வைத்த தேர்வுகளில் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? நிகழ்வு நினைவு. “சாவியைக் கடைசியாக எங்கே பார்த்தேன்?”, “டிராயரில் என்ன வைத்தேன்?” என்று கேட்டால் இயந்திரம் காணொலியில் தேடிச் சொல்ல வேண்டும். டல்விங் 1972இல் மனிதர்களுக்காகப் பிரித்துவைத்த சொல் இது. அதில் முக்கியமே, நினைவுகூர்பவர் அந்த நேரத்துக்குத் தானே திரும்பிப் போவதுதான். இங்கே அது தேடுபொறிக்குப் பெயராகிவிட்டது. உபயோகமான தேடுபொறிதான், மறுக்கவில்லை. சாவி கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். பெயர்தான் கடன் வாங்கியது.

இன்னும் கிட்டத்தில் கரூர். அங்கே ரோபோக்களுக்குக் கைவேலை கற்றுத்தர, நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு துண்டு மடிக்கும் வேலைக்கு இளைஞர்கள் போகிறார்கள். 2025இல் இதுபற்றிப் பத்திரிகைகளில் வந்தது. ஒரே துண்டை நூற்றுக்கணக்கான தடவை மடிக்க வேண்டும். அணிந்திருப்பவரின் கண் உயரத்தில் எடுபடும் இந்தப் படங்களில், அணிந்திருப்பவருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கருவி ஏறக்குறைய அதே. யாருடைய ஞாபகத்துக்கு என்பதுதான் மாறியிருக்கிறது.

இந்த ஆய்வைப் பற்றி வீட்டில் சொன்னேன். பெரியப்பா சிரித்துக்கொண்டார். பெரியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“கழுத்துல கேமராவா? அதெல்லாம் வேணாம்ப்பா. நான் நைட்டியோட சுத்திக்கிட்டு இருப்பேன். மாடிக்குக் கீழ்வீட்டுப் பொண்ணு துணி காயப்போட வரும், அதையும் சேத்து எடுக்கும். அப்புறம் அந்த ஃபோட்டோவை எல்லாம் யாரு உக்காந்து அவருக்குக் காட்டுறது? நான்தான?”

சில வாக்கியங்களில் இரண்டு முக்கியமான விமர்சனங்கள். முதலாவது, மற்றவர்கள். 2013இல் பால் கெல்லியும் மற்றவர்களும் அணியும் கேமரா ஆய்வுகளுக்கென ஒரு நெறிமுறைச் சட்டகம் எழுதினார்கள்: அணிபவர் தன் படங்களை முதலில் தானே பார்த்து நீக்கலாம், பொருத்தமில்லாத இடத்தில் கழற்றிவிட வேண்டும், இப்படி. நல்ல விதிகள். ஆனால் தனி வீடு, தனி அறை, தனிக் கார் உள்ள வாழ்க்கையை மனதில் வைத்தவை. பாடியில் ஒரு மாடிப் போர்ஷனில், பொதுப் படிக்கட்டு, பொது மொட்டைமாடி, லூகாஸ் ஸ்டாப்பில் நெருக்கியடித்து ஏறும் பஸ் — இதில் எந்த நிமிஷம் பொருத்தமானது? சட்டமும் இங்கே கைகொடுக்காது. புட்டசாமி வழக்கில் 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை ஆனது உண்மைதான். ஆனால் 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. ரே-பேன் மெட்டா கண்ணாடி 2025 மே மாதம் 29,900 ரூபாயிலிருந்து இங்கேயே விற்பனைக்கு வந்தது. துணி காயப்போடும் பெண்ணிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

இரண்டாவது, “நான்தான?”. ஆய்வுக்கட்டுரையில் மிஸஸ் பியின் கணவர் செய்முறைப் பகுதியில் வருகிறார், முடிவுப் பகுதியில் காணாமல் போகிறார். 80 சதவீதம் கேமராவின் கணக்கில் எழுதப்படுகிறது. கணவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை, சலிக்காமல் கேட்டு, காத்திருந்து, எழுதி, கூட உட்கார்ந்து பார்த்த மணி நேரங்களுக்கு எந்தப் பத்தியும் இல்லை. நாட்குறிப்புக்கும் இந்த உழைப்பு இருந்ததே, அப்படியும் 49தானே என்று வாதிடலாம். சரி. அதனால் கேமரா கூட்டியது எவ்வளவு என்று தெரிகிறது. ஆள் இல்லாமல் கேமரா மட்டும் இருந்தால் எவ்வளவு என்பது தெரியவில்லை. வீட்டுக்கு வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு வேண்டிய எண் அதுதான்.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வந்த தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்கள். பாடிக்குப் பக்கத்திலேயே, அண்ணாநகர் மேற்கு விரிவில் உள்ள ஸ்கார்ஃப் நிறுவனம், இங்கிலாந்தில் உருவான அறிவுத்தூண்டல் சிகிச்சையைத் தமிழர்களுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தியது. ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவது, பாடுவது, பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பது. கேமரா கிடையாது, பேட்டரி கிடையாது. வேலையைப் பங்கு போட இன்னும் நாலு பேர் உண்டு. எனக்கு இதன் மேல் கொஞ்சம் கூடுதலாகவே நம்பிக்கை. ஆனாலும் இது நேற்றைய நாளைத் திரும்பக் கொடுக்காது. அதைக் கொடுத்ததாகச் சொல்ல முடிந்த ஒரே சமாச்சாரம் இப்போதைக்கு அந்தக் கோணல்மாணல் படங்கள்தான். அதனால்தான் நான் சென்ஸ்கேமைத் தூக்கிப்போடத் தயாராக இல்லை.

இங்கே யாராவது இந்த ஆய்வைச் செய்ய முன்வந்தால் நான் பார்க்க விரும்புவது இது. நாள் முழுக்க வேண்டாம், ஒரு வெளிநடை மட்டும்: வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து டீக்கடை, திரும்ப வீடு. வாசலில் போட்டு வாசலில் கழற்றிவிடலாம். படம் பார்க்கும் வேலைக்குப் பெரியம்மாக்களைத் தவிர சம்பளம் வாங்கும் ஒருவர் வர வேண்டும். இரண்டாவது குழுவுக்கு அதே ஆள், அதே நேரம், கேமரா இல்லாமல் வெறும் பேச்சு. கேள்வி தமிழில், பேச்சுத் தமிழில் கேட்கப்பட வேண்டும். பதிலை ஒலிப்பதிவு செய்து, விகுதி மாறாமல் அப்படியே எழுத வேண்டும். போனேன், போயிருக்கேன், போயிருப்பேன், போனேன் போல — நாலுக்கும் நாலு கட்டம். மூன்று மாதம் கழித்து, எந்தப் படமும் காட்டாமல் திரும்பக் கேட்டு, மூன்றாவது கட்டத்தில் இருந்தவை முதல் கட்டத்துக்கு எத்தனை நகர்ந்தன என்று எண்ணினால் போதும்.